பன்றி விலைக்கு அடியில்

திங்கள், இரவு 11.20. சூரியன்: அமைதி.

இதைக் கண்டெடுப்பவரே, தயவுசெய்து ஒருவருக்கும் காட்டாதீர்கள். அப்பாவுக்குக் காட்டவே வேண்டாம். நான் நிரோஜா, ஒன்பதாம் வகுப்பு. நோர்வேயின் வடகோடியில் ஒரு மீன்பிடித் துறைமுகத்தில் இருக்கிறோம். இது சூரியன் எழாத மாதம்.

மத்திய அலை, 1170 கிலோஹெர்ட்ஸ். வானொலிக்கான நீளக் கம்பியைப் பனிக்கு மேல் தென்கிழக்காக விரித்திருக்கிறேன். ஒரு முனை மலையடி மண்ணுக்குள், மறுமுனை என் ஜன்னலுக்குள். கேட்டது: துருவத்துக்கு அப்பாலிருந்து வரும் அமெரிக்க நிலையம். பன்றி விலை. இரவு முழுக்கப் பன்றி விலை.

அதே அலைவரிசையில், விலை வாசிக்கும் ஆளின் குரலுக்கு அடியில், மன்னார் முகாம் வானொலி இருக்கிறது. போன மாதம் ஒரு சூரியப் புயல் இரவில் கேட்டேன். அங்கே அகப்பட்டு உயிரோடு இருப்பவர்களின் பெயர்களை அகர வரிசையில் வாசிக்கிறார்கள். அப்போது 'க'. என் கணக்குச் சரியென்றால் இந்த வாரம் 'ச'.

அம்மாவின் பெயர் சுகந்தினி. சித்தியின் பிரசவத்துக்காக மன்னாருக்குப் போனார். அந்த வாரம்தான் சூரியனில் முதல் பெரும் புயல் வெடித்தது. செயற்கைக்கோள்கள் செத்தன. விமானமும் தொலைபேசியும் நின்றன. மூன்று வருடமாகிறது. அண்மையில் வந்த கப்பல்காரர்கள், மன்னாரில் ஒருவரும் மிஞ்சவில்லை என்றார்கள். வெள்ளிக்கிழமை காலை அப்பா, அம்மா செத்துவிட்டார் என்று அந்தியேட்டிச் சடங்கு செய்யப்போகிறார்.

செவ்வாய், இரவு 10.05. சூரியன்: அமைதி.

அப்பாவைக் கெஞ்சிக் கூட்டிவந்து ஹெட்போனை மாட்டிவிட்டேன். கொஞ்ச நேரம் கேட்டார்.

"உதுக்குள்ளயோ கொம்மா இருக்கிறா? பண்டி விலையெல்லோ வாசிக்கிறான்."

"புயல் வந்தா துருவப் பாதை அடைபடும் அப்பா. இவன்ர சத்தம் செத்துப்போகும். அப்பதான் தெற்குக் கேட்கும்."

"உலகத்தில புயல் வேணுமெண்டு கும்பிடுற ஒரே பிள்ளை நீதான். கம்பியைச் சுத்தி வை. உன்னோட சேத்து வீடும் எரியும்."

புயல் சங்கு ஊதினால் நீளக் கம்பிகளை எல்லாம் வெட்டிவிட வேண்டும் என்பது இங்கே சட்டம். போன குளிர்காலம் புயல் மின்சாரத்தில் ஒரு வேலிக்கம்பி கொதித்து மீன் கிடங்கையே எரித்தது. கம்பி வெட்டும் குறடோடு வீடு வீடாகப் போகிறவர்கள் இரண்டு பேர்: மின்சாரப் பொறுப்பாளர் ஞானசீலன் மாமா, என் அப்பா.

ஆகவே அப்பா பக்கத்தில் இருக்கும்போது கேட்க ஒன்றும் இல்லை. கேட்க ஏதாவது இருக்கும்போது அப்பா பக்கத்தில் இல்லை. எனக்குத் தலையைச் சுவரில் மோத வேண்டும்போல் இருக்கிறது. நான் கம்பியைச் சுற்றவில்லை.

புதன், இரவு 11.40. சூரியன்: அமைதி. சனியன்.

அப்பா ஞானசீலன் மாமாவிடம் சொல்லிவிட்டார். பேக்கரியில் பாண் வாங்கும் வரிசையில் எல்லோர் முன்னாலும் அவர் கேட்டார்: "என்ன பிள்ளை, இண்டைக்குப் பண்டி என்ன விலை?" வரிசையே சிரித்தது. அப்பாவும் சிரித்தார்.

விலை ஏறியிருக்கிறது. இன்றைக்கும் அது மட்டும்தான் கேட்டது. அம்மாவின் குரலைவிட அந்த ஆளின் குரல் எனக்கு நன்றாகத் தெரியும். அவனைக் கொல்ல வேண்டும்.

வியாழன், இரவு 10.50. சூரியன்: புயல்.

சங்கு ஊதிவிட்டது. தெற்கு வானம் வரைக்கும் பச்சை ஒளி. அப்பா குறடும் கையுமாகப் போய்விட்டார். கதவைப் பூட்டிவிட்டேன்.

11.35. பன்றிக்காரன் இரைச்சலுக்குள் அமிழ்ந்துவிட்டான்.

11.50. "மன்னார் முகாம் வானொலி. இன்று சகர வரிசை." ஒரு பெண் வாசிக்கிறார். அவசரமே இல்லாமல் வாசிக்கிறார். கடவுளே, எத்தனை சந்திரன்கள்.

12.30. இன்னும் 'சா'. இங்கே ஒன்றரை மணிக்கு மேல் மன்னாரில் விடியத் தொடங்கும். பகலில் இந்த அலை இவ்வளவு தூரம் வராது, விடிந்தால் ஒன்றும் கேட்காது. கொஞ்சம் கெதியாய் வாசியுங்கள் அக்கா.

12.55. 'சி'. கம்பி வானொலியில் ஏறும் இடத்தைத் தொட முடியவில்லை. பிளாஸ்டிக் மணக்கிறது. ஈரத் துவாயால் சுற்றினேன், ஆவி வருகிறது. கழற்றச் சொல்லிக் கை கெஞ்சுகிறது.

1.10. ஜன்னலால் பார்த்தேன். பனியில் மலையடியிலிருந்து ஒரு கறுப்புக் கோடு. கம்பி கிடந்த இடமெல்லாம் உருகியிருக்கிறது. கோடு நேராக என் ஜன்னலுக்கு வருகிறது. அதன்மேல் இரண்டு டோர்ச் வெளிச்சங்கள்.

நான் மட்டும் கேட்டு என்ன பயன்? பெயரைக் கேட்டேன் என்றால் கனவு கண்டாய் என்பார்கள். காலையில் அந்தியேட்டி நடக்கும்.

1.18. 'சு' தொடங்கிவிட்டது. மேசைவிளிம்பு கருகுகிறது. கதவைத் தட்டுகிறார்கள்.

"நிரோஜா! கதவைத் திற! கம்பி உன்ர அறைக்குள்ளதானே போகுது!"

அப்பா. பின்னால் ஞானசீலன் மாமா: "கதவை விடுங்கோ, நான் வெளியால வெட்டுறன்."

"சுகந்தன், தலைமன்னார். சுகந்தி, பேசாலை."

அடுத்தது சுகந்தினியாக இருக்க வேண்டும். திறக்கப்போகிறேன். அப்பா வாய் திறக்குமுன் ஹெட்போனை அவர் காதில்