வெட்சிக்கு முடிவெட்டிய அண்ணாச்சிக்கு

இன்று ஆடி மாதம் மூன்றாம் நாள். எனக்கு எழுபத்தொன்பது வயது, இரண்டு மாதம், பதினொரு நாள். இதை எழுதும் மேசைமேல் துருவேறிய தோட்டக் கத்தரி ஒன்று கிடக்கிறது, அண்ணாச்சி. உங்களுடையதுதான். அது இங்கே வந்த விதத்தைக் கடைசியில் சொல்கிறேன். ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர் நீங்கள். வாக்குமூலத்தை முழுதாகக் கேட்டுத்தான் பழக்கம்.

தென்காசியில் நம் இரு வீடுகளுக்கும் நடுவே உள்ள மதிலோரம் அந்த வெட்சியை நட்டது நீங்கள். உங்கள் மனைவி, என் மதினி, இடுப்பெலும்பு முறிந்து கட்டிலோடு கிடந்த வருடம். சன்னலுக்கு வெளியே தேன்சிட்டு வந்தால் பொழுது போகும் என்று அவர் சொல்லிவிட்டார். குற்றாலச் சாரலில் நனைந்து, ஐந்தருவிப் பக்கத்து நாற்றுப்பண்ணையில் இடுப்பளவுச் செடியாகப் பார்த்து வாங்கிவந்தீர்கள். அதுவரை நல்ல கணவர். அதற்குப் பிறகு போலீஸ்காரர்.

ஞாயிறுதோறும் அதற்கு முடிவெட்டினீர்கள். நான்கு பக்கமும் சதுரம், உச்சி மட்டம். பயிற்சிக்கு வந்த புதுக் காவலரின் தலை போல. வெட்சி கிளைநுனியில்தான் மொட்டு வைக்கும் என்று, முப்பது ஆண்டுகள் தாவரவியல் கற்பித்த நான், மதிலுக்கு இப்பால் நின்று சொன்னேன்.

"டீச்சரம்மா, உங்க பாடத்த காலேஜோட வச்சுக்கிடுங்க. செடின்னா ஒரு ஒழுங்கு வேண்டாமா?"

"ஒழுங்கு நல்லாவே இருக்கு அண்ணாச்சி. பூவத்தான் காணும்."

ஆறு மாதம் மதினி பார்த்தது ஒரு பச்சைப் பெட்டியை. ஒரு சிட்டும் வரவில்லை. பிறகு சன்னலைப் பார்ப்பதையே விட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கஞ்சி பாதிக்குமேல் இறங்கவில்லை. முறிந்த எலும்பைவிட அந்தச் சுவர்தான் எனக்குப் பயம் தந்தது.

அந்த வாரம் கத்தரி காணாமல் போயிற்று. பால்காரரை விசாரித்தீர்கள். சிலிண்டர் கொண்டுவந்தவரை விசாரித்தீர்கள். கடைசியில் மதிலுக்கு வந்தீர்கள்.

"நீங்க பாத்தியளா டீச்சரம்மா?"

"உங்க கத்தரிக்கு நானா காவல்?"

திருடனைப் பிடிக்காமல் வேறு கத்தரி வாங்குவதில்லை என்று சபதம் போட்டீர்கள். உங்களை அறிந்தவர்கள் எதிர்பார்த்ததும் அதைத்தான்.

இரண்டு மாதத்தில் செடி தலைவிரித்து வளர்ந்தது. நுனிக்கு நுனி சிவப்புக் கொத்து. ஒரு காலையில், "ஏட்டி, இங்கன வா, வந்துட்டு!" என்று மதினி போட்ட சத்தம் என் அடுக்களைவரை கேட்டது. ஊதாத் தேன்சிட்டு ஒன்று கொத்தில் தொங்கியபடி தேன் குடித்துக்கொண்டிருந்தது. அன்று மதினி மூன்று இட்லி சாப்பிட்டார். "பாத்தியளா, எல்லாம் நம்ம பராமரிப்பு," என்றீர்கள். நான் மறுக்கவில்லை.

நீங்கள் போய்ச் சேர்ந்து நான்கு ஆண்டுகள். மதினி கைத்தடியோடு நடமாடுகிறார். செடி மதிலைத் தாண்டிவிட்டது. பழம் தின்னக் கொண்டைக்குருவிகளும் வருகின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும், கத்தரிச் சத்தம் கேட்கிறதா என்று என் காது தானாக மதில் பக்கம் போகிறது. வயதின் கோளாறு.

இன்று காலை மதினி இந்தக் கத்தரியை என் கையில் தந்து, "இனிமே அவியகிட்ட சொல்லிரு," என்றார். சொல்லிவிடுகிறேன். அது தொங்கிய ஆணியிலிருந்து எடுத்தவள் நான். எடுக்கச் சொன்னவர் உங்கள் மனைவி. வீடு முழுக்கச் சோதனை போட்ட நீங்கள் அவருடைய மெத்தையை மட்டும் தூக்கிப் பார்க்கவில்லை. தினமும் அதன்மேல் உட்கார்ந்துதான் திருடனைத் திட்டினீர்கள்.