ஒன்றுமில்லை என்று சொன்ன அண்ணிக்கு

என் அன்பு அண்ணி,

ஜெயித்துவிட்டோம். வேறெதையும் சொல்வதற்கு முன்னால் இதைச் சொல்லிவிடுகிறேன். நேற்று நம் உப்பளத்து ஓரத்தில் பெண்களுக்குக் கழிப்பறை திறந்தாகிவிட்டது. மூன்று அறை, உள்ளே குழாய், கதவுக்குத் தாழ்ப்பாள். பக்கத்திலேயே குடிதண்ணீர்த் தொட்டி. நம்புங்கள், இதில் ஒரு சொல்கூடக் கூட்டிச் சொல்லவில்லை.

கூட்டிச் சொல்வதில் நான் கெட்டிக்காரி என்று உங்களுக்குத் தெரியும். மரக்காணத்தில் டைப்பிங் கடை வைத்திருப்பவள், டெல்லியில் இருக்கும் ஓர் அறக்கட்டளைக்குக் கழிப்பறை கேட்டு இங்கிலீஷில் மனு எழுதினால் கை சும்மா இருக்குமா? 'டெரிபிள்' என்றேன், 'அன்பேரபிள்' என்றேன். அறுபது பேர் வேலை செய்யும் இடத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் என்றேன். படித்துக் காட்டியபோது முகத்தைச் சுளித்தீர்கள். "இவ்ளோ அழுவணுமா, கலா?"

"டெல்லி தூரம் அண்ணி. சத்தமாதான் சொல்லணும்."

அங்கிருந்து ஓர் அம்மாள் நேரில் பார்க்க வந்தார், மொழிபெயர்க்க ஒரு பெண்ணோடு. நீங்கள் என்ன செய்தீர்கள்? இளநீர் வெட்டச் சொல்லி ஆள் அனுப்பினீர்கள். உப்புப் பட்டு வெடித்த கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டீர்கள். இங்கே என்ன கஷ்டம் என்று அவர் கேட்டதற்கு முதல் ஆளாகப் பதில் சொன்னீர்கள்: "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. நல்லாதான் இருக்கோம். நீங்க வெயில்ல நிக்காதீங்க." மற்றவர்களும் அதையே சொன்னார்கள். தேடி வந்தவரிடம் குறை சொல்லி நமக்கெல்லாம் ஏது பழக்கம்?

மனு திரும்பி வந்தது. பதிலில் 'எக்ஸாஜரேஷன்' என்று ஒரு சொல். கடைக்கு வந்து அர்த்தம் கேட்டீர்கள். இருப்பதைவிடப் பெரிதாகச் சொல்வது என்றேன்.

"அப்போ நாங்க சின்னதா சொன்னோமே, அதுக்கு என்ன பேரு?"

அகராதியைப் புரட்டினேன். பெரிதாகச் சொல்வதற்கு ஓவர்ஸ்டேட்மென்ட், ஹைப்பர்போலி என்று இன்னும் சில இருந்தன. சின்னதாகச் சொல்வதற்கு அண்டர்ஸ்டேட்மென்ட். ரொம்ப நன்றாக இருப்பதைக்கூட வெள்ளைக்காரர்கள் 'நாட் பேட்' என்றுதான் சொல்வார்களாம் என்றதும் உங்களுக்கு ஒரே சிரிப்பு. "அவங்க ஊர்லயும் நம்மள மாதிரி ஆளுங்க இருக்குது பாரு." சிரித்து முடித்துவிட்டுச் சொன்னீர்கள்: "நீ ஏத்திட்ட, நான் எறக்கிட்டேன். உள்ளது போய்ச் சேரவே இல்ல."

உள்ளதை எனக்குக்கூட நீங்கள் சொல்லவில்லையே, அண்ணி. அந்த வெட்டவெளியில் ஒதுங்க இடமில்லை என்று, காலையில் உப்புப் பாத்தியில் இறங்கினால் வேலை முடியும்வரை தண்ணீரே குடிக்காமல் இருந்திருக்கிறீர்கள். எத்தனை வருஷம்? இடுப்பு வலியைப் பற்றிக் கேட்டபோதெல்லாம் "லேசாதான்" என்றீர்கள். சிறுநீரகம் இரண்டும் கெட்டுவிட்டதென்று பெரிய ஆஸ்பத்திரியில் சொன்ன அன்றும் அண்ணனிடம், "ஒண்ணுமில்ல, ரெண்டு நாள்ல வந்துடுவேன்" என்றீர்கள். அன்றைக்கு உங்கள்மேல் வந்த கோபம் எனக்கு இன்னும் முழுதாகத் தீரவில்லை.

உங்கள் காரியம் முடிந்த மறுநாள் இரண்டாவது மனுவை எழுத உட்கார்ந்தேன். வேலை செய்யும் பெண்கள் அறுபது பேர். அருகிலிருக்கும் கழிப்பறைக்கு நடந்துபோய்த் திரும்ப முக்கால் மணி நேரம். என் அண்ணி வேலை நேரத்தில் தண்ணீர் குடித்ததில்லை. சிறுநீரகம் கெட்டதற்கு அதுவும் ஒரு காரணம் என்று டாக்டர் சொன்னார். அண்ணி இறந்துவிட்டார். எழுதி முடித்தபோது அரைப் பக்கம்கூட வரவில்லை.

அதே அம்மாள் மறுபடி வந்தார். அவர் வருவதற்கு முன்பே, உள்ளதை மட்டும் சொல்லுங்கள் என்று எல்லோரிடமும் கெஞ்சியிருந்தேன். அவர் கேட்டதும் உங்கள் பக்கத்துப் பாத்தி தேவகி, "அதெல்லாம் ஒண்ணு..." என்று ஆரம்பித்தாள். பாதியில் நிறுத்திவிட்டு, நீங்கள் வழக்கமாக நிற்கும் இடத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"காலையில அரை டம்ளர் குடிப்பேங்க. அப்புறம் வீட்டுக்குப் போய்தான். மாசத்துல அந்த நாலு நாளு வேலைக்கே வர்றதில்ல."

அடுத்தவள் சொன்னாள். அதற்கடுத்தவளும் சொன்னாள். மொழிபெயர்க்க வந்த பெண்ணுக்கு எழுதி மாளவில்லை. யாரும் அழவுமில்லை, சிரித்து மழுப்பவுமில்லை. எனக்கு அவர்களைப் பார்க்கப் பார்க்கப் பெருமையாக இருந்தது.

நேற்றுத் திறப்பு விழாவில் மேடைக்குக் கூப்பிட்டார்கள். நான் தண்ணீர்த் தொட்டி பக்கமே நின்றுவிட்டேன். பதினொரு மணி வெயில். தேவகி செம்பை நிரப்பி, அண்ணாந்து, கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு அடுத்தவளிடம் கொடுத்தாள். வரிசையாக எல்லோரும் குடித்தார்கள்.

தெற்கே இருக்கும் உப்பளங்களிலிருந்தும் பெண்கள் கடைக்கு வந்து கேட்கிறார்கள். அவர்களுக்கும் எழுதுவேன் அண்ணி, உள்ளதை உள்ளபடி. உங்களைப் பற்றி யார் கேட்டாலும் அப்படியேதான் சொல்வேன்: எங்கள் அண்ணி தண்ணீர் குடிக்காமல் இருந்து செத்துப்போனார், இன்றைக்கு அதே இடத்தில் அறுபது பேர் வயிறு நிறையக் குடிக்கிறார்கள்.

உங்கள் ஒரே நாத்தனார்,
கலா