கட்டத்தில் நான் எண்ணாத மூன்று வாரம்

அன்பு மகள் சுண்டெலிக்கு அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம் என்றுதான் எப்போதும் ஆரம்பிப்பேன், இந்தத் தடவை அந்த வரியைக் கடைசிக்குத் தள்ளி வைத்திருக்கிறேன், காரணம் போகப் போகத் தெரியும், பதறாமல் படி. அங்கே குளிர் எப்படி, காலுறை இரண்டு போடுகிறாயா, பனி விலகின இடத்தில் தரை உள்வாங்குகிறது என்று நீ எழுதியதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை, தனியாக எங்கேயும் கால் வைக்காதே. மரமே முளைக்காத சீமையில் பாறையில் ஒட்டின பாசியைப் பார்க்கவா இவ்வளவு தூரம் போனாள் என்று உன் அண்ணன் கேட்கிறான். பாசிதான்டா முதல்ல வரும், அது மக்கித்தான் மண்ணு, மண்ணு சேர்ந்தாத்தான் புல்லு என்று நீ சொல்லிக்கொடுத்ததை அப்படியே ஒப்பித்தேன். லிஃப்ட் மெக்கானிக் எப்பப்பா வாத்தியார் ஆனீங்க என்று சிரிக்கிறான், சிரித்துவிட்டுப் போகட்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் கொல்லைப்புறக் குளியலறையை இடித்தபோது அந்த வெறும் தரையில் நாலு குச்சி நட்டுக் கயிறு கட்டிக் கொடுத்துவிட்டுப் போனாயே, தண்ணி ஊத்தக் கூடாது, களை எடுக்கக் கூடாது, ஞாயித்துக்கிழமை காலையில எத்தனை வகைன்னு எண்ணி எழுதணும், அவ்வளவுதான்ப்பா என்று. செங்கல் ஓரத்தில் பச்சையாய் வழுக்கினது முதலில், பிறகு ஊசிப் புல், பிறகு படர்கொடி, இப்போது முழங்கால் உயரக் குத்துச்செடிகள். நடுவில் அந்த முதல் புல் செத்துக் கிடந்ததைப் பார்த்தபோது எனக்கு மனசே ஆறவில்லை. இங்கே வெயிலும் மழையும் மூன்று வருஷத்தில் செய்வதைச் செய்ய அங்கே நூறு வருஷம் ஆகும், அதை ஒப்பிடத்தான் இந்தக் கட்டம் என்று நீ சொன்னதால், பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா துணி காயப்போட அந்த இடத்தைக் கேட்டபோதுகூட மல்லுக்கு நின்றேன்.

உன் போன கடிதத்தில், பழைய புல் சாகறதுக்கு முன்னாடியே புது வகை ஒவ்வொண்ணா வந்து சேருதுப்பா, போன வருஷக் கோடை மழைக்குப் பின்னாடி உங்க எண்ணிக்கையில அது பளிச்னு தெரியுது, ஒன்பது, பத்து, பன்னிரண்டு, பதிமூணு, பதினாலுன்னு ஏறுது, அடுத்த மாசம் ஆராய்ச்சிப் பட்டத்துக்குத் தேர்வாளர்கள் முன்னால இதைத்தான் சொல்லப் போறேன் என்று எழுதியிருந்தாய். ஒன்பது நான் எண்ணினது. பதினாலு நான் எண்ணினது. நடுவில் இருக்கிற மூன்றும் நான் எண்ணவே இல்லை கண்ணு, நாலாவது ஞாயிறு பென்சிலை எடுத்துப் படிக்கட்டு மாதிரி நிரப்பி வைத்தேன், மூன்றிலும் புல் இருக்கிறது என்றும் எழுதினேன். புல் முதலில் செத்ததா, புதுசு முதலில் வந்ததா, சத்தியமாக எனக்குத் தெரியாது. லிஃப்ட் கம்பிவடத்தைப் பார்க்காமலே தாளில் டிக் போட்டவனை, அது ஆளோட உயிருடா என்று கத்தி வேலையை விட்டே அனுப்ப வைத்தவன் நான். அதே கையால் இதைச் செய்தேன்.

ஏன் செய்தேன் என்றால், அந்த மூன்று வாரமும் உன் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தாள். வயிற்றில் கட்டி, ஆபரேஷன், பத்தொன்பது நாள். குளிக்கிறாள், தூங்குகிறாள் என்று நான் போனில் சொன்னதெல்லாம் பொய். இப்பச் சொன்னா அவ எல்லாத்தையும் போட்டுட்டு ஓடி வருவா, பனி உருகுற ரெண்டு மாசத்தை விட்டா அவளுக்கு ஒரு வருஷமே போச்சு, மூச்சு விடக் கூடாது என்று கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள். மூன்று வாரம் காலியாக விட்டால் நீ துருவித் துருவிக் கேட்பாய், அதற்குப் பயந்து நிரப்பினேன். கட்டியைச் சோதித்துப் பார்த்துக் கெட்டது இல்லை என்றார்கள், போன வாரமும் டாக்டர் பார்த்துவிட்டு அதையேதான் சொன்னார். மூணு எண்ணிக்கைதானேப்பா, யாருக்குத் தெரியப் போகுது, விடுங்க என்கிறான் உன் அண்ணன். விட முடியவில்லை. அந்த மூன்றையும் அடித்துவிடு, அப்பா எண்ணவில்லை என்று அவர்களிடம் சொல், அதனால் உனக்கு ஒரு வருஷம் தள்ளிப் போனாலும் போகட்டும். உன் உழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டேனே. என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு, அம்மாவை ஒன்றும் சொல்லாதே, நான் எழுதுவது அவளுக்குத் தெரியாது.

இந்த ஞாயிறு அவளும் முக்காலியைப் போட்டுக்கொண்டு கட்டத்துப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் பதினைந்து என்றேன், கண்ணைத் துடைச்சிட்டுப் பாருங்க, பதினாறு என்றாள். இலைக்கு அடியில் ஒரு மரக்கன்று, இரண்டே இலை, எனக்குத் தெரியவே இல்லை. கிள்ளவில்லை, பின்பக்கம் வரைந்திருக்கிறேன், என்ன மரம் என்று சொல். நல்லபடியாக இரு, சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே, எங்கள் ஆசீர்வாதம் உனக்கு எப்போதும் உண்டு. தள்ளி வைத்த வரியை இப்போது எழுதுகிறேன், பார்த்து, எண்ணித்தான் எழுதுகிறேன்: இங்கே மூன்று பேரும் சுகம்.

இப்படிக்கு,
உன் அப்பா