நிலவுக்கு ரெண்டு வாளித் தண்ணீர்

எம். புதுப்பட்டி
12.01.2025

அன்புள்ள பர்வீன்,

நீ நலமாக இருந்தால் உடனே இந்தப் பார்சலைப் பிரி. நலமில்லை என்றால் பிரித்துப் படித்துவிட்டு அப்புறம் காய்ச்சலில் படு. இங்கே எல்லாருக்கும் சுகம்.

பன்னிரண்டாம் வகுப்பில், விருதுநகர் பள்ளிக்கூடத்துக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, "நீ ஒரு நாவல் எழுதுடி, நான் புத்தகமாப் போடுறேன்" என்று சொன்னவள் நீ. நீ சென்னைக்குப் போய்ப் பதிப்பகத்தில் எடிட்டர் ஆகிவிட்டாய். நான் பட்டாசு கம்பெனியில் பூச்சட்டிக்குத் திரி வைக்கிறேன். ஆனால் நாவலை எழுதிவிட்டேன். உன் பங்கு பாக்கி.

துப்பறியும் கதை. நடக்கிற இடம் நிலா. அங்கே தென் துருவத்தில் சுரங்கம் தோண்டுகிறார்கள். பாறை உடைக்க வெடிமருந்து ஆள் வேண்டுமே, நம்ம பக்கத்து ஒச்சப்பனைக் கூட்டிப்போகிறார்கள். முதல் அத்தியாயத்திலேயே மருந்து அறை வெடித்து ஒச்சப்பன் செத்துப்போகிறான். "பணியாளரின் கவனக்குறைவே காரணம்" என்று முகாம் தலைவர் அறிக்கை எழுதிவிடுகிறார். அதை நம்பாமல் ரோஜா என்கிற பெண் விசாரிக்க வருகிறாள்.

2023 ஆகஸ்டில் நம்ம விண்கலம் நிலாவில் இறங்கினதைக் கம்பெனியே கூடி நின்று பார்த்தோம். அன்றைக்குப் பிடித்த கிறுக்கு இது. மத்தியானச் சோற்று நேரத்தில் ஒவ்வொரு அத்தியாயமாகச் சொல்லுவேன். செல்லத்தாய் அக்கா ஒருநாள் லீவு போட்டுவிட்டு, "நான் இல்லாத அன்னைக்கு எவளும் யாரையும் கொன்னுறாதீங்கடி" என்று ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினாள்.

தாளைத் திருப்பிப் பார்த்துப் பயப்படாதே. என் வீட்டுக்காரர் பிரஸ்ஸுக்கு லோடு ஓட்டுகிறார். அச்சு பிசகின காலண்டர் தாள் சும்மா கிடைக்கும். 47ஆம் பக்கத்துக்குப் பின்னால் மகாலட்சுமிக்கு இரண்டு மூக்கு இருக்கும். அதற்கும் கதைக்கும் சம்பந்தமில்லை.

உன்
வேல்விழி


சென்னை
20.02.2025

என் வேல்விழிக்கு,

ஒரே மூச்சில் படித்தேன். பஸ்ஸில் என் நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன். பக்கத்து இருக்கை அம்மா மகாலட்சுமியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் ரோஜா கூட நிலாவில் இருந்தேன்.

இனி சொல்லப்போவதைக் கோபப்படாமல் படி. எங்கள் பதிப்பாளர் நாற்பது பக்கம் படித்தார். உன் எழுத்தில் உயிர் இருக்கிறது என்றார். அப்புறம் சொன்னார்: "பட்டாசுத் தொழிலாளி நிலாக் கதை எழுதினா யாரும்மா வாங்குவாங்க? அவங்க வாழ்க்கையையே எழுதச் சொல்லுங்க. புகை, தீக்காயம், கஷ்டம். அது இலக்கியம்." உன் அண்ணன் முனியராஜுக்கு நேர்ந்த விபத்தைப் பற்றி எப்போதோ நான் அவரிடம் வாய்தவறிச் சொல்லியிருந்தேன். அதை நினைவில் வைத்துக்கொண்டு, "அந்த அண்ணன் கதையை எழுதினா இந்த வருசமே போட்டுரலாம்" என்றார்.

நான் எடிட்டர்தான், முதலாளி இல்லை. அவர் சொன்னதை அப்படியே உனக்குச் சொல்வது என் கடமை. நீ யோசி.

அத்தா உன்னை விசாரித்தார். விருதுநகர் வரும்போது எங்கள் கடைக்கு வராமல் போனால் பேசமாட்டாராம்.

உன்
பர்வீன்


எம். புதுப்பட்டி
02.03.2025

பர்வீன்,

கோபப்படாதே என்று எழுதினாய். பட்டுவிட்டேன், என்ன செய்யட்டும்?

அண்ணனுக்கு வலது கையில் மூன்று விரல் போய்ப் பன்னிரண்டு வருசம் ஆகிறது. அந்தக் கம்பெனியையே மூடிவிட்டார்கள். அன்றைக்கு எழுதின அறிக்கை மட்டும் இன்னும் எங்கள் வீட்டுப் பீரோவில் இருக்கிறது. "தொழிலாளியின் கவனக்குறைவே காரணம்." ஒரே ஒரு வரி. அண்ணன் அன்றிலிருந்து அந்த நாளைப் பற்றி யாரிடமும் வாய் திறந்ததில்லை. அவர் பேசாததை நான் எழுதி விற்கவா? அந்தக் கை அவருடையது. எனக்கு அதில் உரிமை கிடையாது.

அப்புறம் இன்னொன்று. சென்னைக்காரர் நிலாவைப் பற்றி எழுதலாம், நான் மட்டும் புகையைப் பற்றித்தான் எழுத வேண்டுமா? தினம் எட்டு மணி நேரம் மருந்தோடு இருக்கிறேன். வானத்துக்குப் போகிற சாமானைச் செய்கிறவள் நான். வானத்தைப் பற்றி எழுத என்னைவிட யாருக்கு யோக்கியதை இருக்கிறது?

செல்லத்தாய் அக்காவிடம் சொன்னேன். "நம்ம கஷ்டத்த நாமளே எதுக்குடி படிக்கணும்? அதான் தெனம் பாக்கோம்ல. அம்புட்டு ஆசையா இருந்தா அவுக இங்கன வந்து பாத்துட்டுப் போகட்டும்" என்றாள். அதை அப்படியே உன் பதிப்பாளரிடம் சொல்லு. அவர் சொன்னதை எனக்குச் சொல்வது கடமை என்றால் இதுவும் கடமைதான்.

போட்டால் நிலாக் கதை போடட்டும். இல்லையென்றால் தாளைத் திருப்பி அனுப்பு.

வேல்விழி


சென்னை
18.04.2025

அன்பு வேல்விழி,

"உன்" என்று போடாமல் கையெழுத்துப் போட்டிருந்தாய். இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ சொன்னது நியாயம். என் வாயில் அது முதலில் வந்திருக்க வேண்டும்.

கடிதத்தை எடுத்துக்கொண்டு போய்ப் பதிப்பாளர் மேசையில் வைத்தேன். செல்லத்தாய் அக்கா சொன்னதைச் சத்தமாகப் படித்தேன். ஆபீஸே சிரித்தது. அவரும் சிரித்தார். "சரி, ஒரு விஞ்ஞானி படிக்கட்டும். அவர் இது நிற்கும் என்று சொன்னால் போடுவோம். சொல்லாவிட்டால் பேச்சை விடுங்க" என்றார். விண்வெளித் துறையில் இருந்து ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவருக்கு அனுப்பினோம்.

அவர் பதில் வந்துவிட்டது. ஆறு பக்கம். சின்னத் தப்புகள் மூன்று: நிலாவில் வெடிச்சத்தம் கேட்காது, புகை சுருண்டு மேலே போகாது, ஒச்சப்பன் அறைக்கு வெளியே வைத்துப் பீடி பற்றவைக்க முடியாது. அதெல்லாம் திருத்திக்கொள்ளலாம்.

பெரிய தப்பு ஒன்றுதான், அதில் கதையே விழுந்துவிடுகிறது. மருந்து அறை வாசலில் செம்புத் தகடு. உள்ளே போகிறவர்கள் அதைத் தொட்டால் உடம்பில் இருக்கிற மின்சாரம் தரைக்கு இறங்கிவிடும், பொறி பறக்காது. உங்கள் கம்பெனி வழக்கம். ஒச்சப்பனின் கையுறைத் தடம் தகட்டில் இருக்கிறது, அவன் தொட்டிருக்கிறான், ஆகவே தொடாமல் நுழைந்த வேறொருவன்தான் கொலைகாரன் என்று ரோஜா முடிக்கிறாள். பொறியாளர் எழுதுகிறார்: "நிலாத் தூசி ஆளைப் பிடித்து மின்சாரம் ஏற்றும் என்பது சரி. ஆனால் நிலா மண் எலும்பு மாதிரிக் காய்ந்தது. அதில் கம்பி இறக்கினால் மின்சாரம் இறங்காது. அந்தத் தகட்டைத் தொட்டாலும் ஒன்றுதான், தொடாவிட்டாலும் ஒன்றுதான். முடிவு செல்லாது."

ஜூன் கடைசிக்குள் வேறு முடிவு வேண்டும். இல்லாவிட்டால் இந்த வருசம் மட்டுமல்ல, எப்போதுமே இல்லை என்கிறார் பதிப்பாளர். எனக்கு எதுவும் தோன்றவில்லை. உனக்குத் தோன்றும்.

என்றும் உன்
பர்வீன்


எம். புதுப்பட்டி
11.05.2025

என் அருமை பர்வீன்,

என்னைச் செருப்பால் அடி. பிறகு ஒரு முட்டாய் வாங்கிக் கொடு.

உன் கடிதம் வந்து பத்து நாள் பைத்தியம் மாதிரித் திரிந்தேன். பதினோராம் நாள் காலையில் கம்பெனிக்குப் போனேன். கோடைக்காலத்தில் எனக்கு முதல் வேலை என்ன தெரியுமா? செம்புத் தகட்டிலிருந்து கம்பி இறங்குகிற எர்த் குழியில் இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றுவது. குழியில் கரியும் உப்பும் போட்டிருக்கும், ஈரம் இருந்தால்தான் வேலை செய்யும். அன்றைக்கு வாளியைக் கவிழ்த்தேன். தண்ணீர் சொர்ரென்று இறங்குகிற சத்தத்தைக் கேட்டதும் அப்படியே நின்றுவிட்டேன்.

ஏழு கோடையாகத் தினமும் குழிக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன். நிலாவில் குழி தோண்டினேன், கம்பி இறக்கினேன், தண்ணீரை மறந்துவிட்டேன்! பழகின கை செய்கிற வேலை மண்டைக்குத் தெரிவதில்லை பார்.

அண்ணனோடு அந்தப் பழைய கம்பெனியில் வேலை பார்த்த ஃபோர்மேன் சங்கிலிமுத்து அண்ணாச்சியிடம் போய், "குழி காஞ்சு போச்சுன்னா என்ன அண்ணாச்சி ஆகும்?" என்று கேட்டேன். அவர் முகம் மாறிவிட்டது. "தகடு அப்படியேதான் இருக்கும் தாயி. பாக்குறவுகளுக்கு ஒண்ணும் தெரியாது. தொட்டவன் தப்பிச்சோம்னு நெனச்சு உள்ள போவான்" என்றார். சொல்லிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு குழிப்பக்கம் போய்விட்டார்.

ஆக, புது முடிவு இதுதான். கொலைகாரன் யாரும் அறைக்குள் வரவே இல்லை. மருந்து அறையின் தரைக்கடியில் மூடி போட்ட குழி. பனிக்கட்டியை உருக்கித் தினமும் இரண்டு வாளித் தண்ணீர் அதில் விட வேண்டும், வெதுவெதுப்பாக வைத்திருக்க வேண்டும். ஒச்சப்பன் போட்ட நிபந்தனை அது. நிலாவில் தண்ணீர் பொன் மாதிரி. முகாம் தலைவர் மேலிடத்தில் நல்ல பேர் வாங்க, குழிக்குப் போகிற தண்ணீரை மட்டும் சத்தமில்லாமல் நிறுத்திவிட்டார். ஒச்சப்பன் வழக்கம்போலத் தகட்டைத் தொட்டான், நம்பிக்கையோடு உள்ளே போனான். கடைசி அத்தியாயத்தில் ரோஜா எல்லாருக்கும் முன்னால் தரையைப் பெயர்த்துக் குழிக்குள் கையை விடுகிறாள். கை நிறையக் காய்ந்த தூசி. "கவனக்குறைவு என்று எழுதின அதே கைதான் தண்ணீரை நிறுத்தியது" என்கிறாள்.

சோற்று நேரத்தில் சொன்னேன். ஒருத்தியும் சாப்பிடவில்லை. முடித்ததும் செல்லத்தாய் அக்கா மெதுவாக எழுந்து போய் எங்கள் குழியில் இன்னொரு வாளி ஊற்றிவிட்டு வந்தாள்.

எழுபது பக்கம் புதிதாக எழுதி இதோடு அனுப்பியிருக்கிறேன். இந்தத் தடவை பின்பக்கம் முழுக்க முருகன். மயிலுக்கு மட்டும் பச்சை விலகியிருக்கிறது.

உன் உன் உன்
வேல்விழி
(முந்தின கடிதத்துக்கும் சேர்த்து)


சென்னை
27.06.2025

என் வேல்விழி,

பொறியாளரின் பதிலை அப்படியே எழுதுகிறேன்: "நிஜத்தில் கட்டினால் நான் வேறு விதமாகக் கட்டுவேன். ஆனால் இந்தக் கதை நிற்கிறது. நாற்பது வருசம் இந்தத் துறையில் இருந்தேன், குழிக்குத் தினமும் தண்ணீர் ஊற்றும் ஒருவரை நாங்கள் கூட வைத்துக்கொள்ளவில்லையே என்று வெட்கமாக இருக்கிறது. ஆசிரியருக்கு என் வணக்கம்."

பதிப்பாளர் முழுசாகப் படித்தார். மறுநாள் என் மேசைக்கு அவரே வந்து, "நிலாக் கதையாகவே போடுவோம். அட்டையில் தொழிலாளி கிழிலாளி என்று ஒன்றும் வேண்டாம். வேல்விழி, அவ்வளவுதான்" என்றார்.

போடுகிறோம்டி! மகாலட்சுமியின் இரண்டு மூக்கு மேல் சத்தியம். அச்சடிப்பது சிவகாசியில்தான். உன் வீட்டுக்காரர் வண்டியிலேயே லோடு வரும் பார்.

ஆனந்தக் கண்ணீரோடு
பர்வீன்


எம். புதுப்பட்டி
02.11.2025

என் உயிர் பர்வீன்,

விருதுநகர் வெளியீட்டு விழாவில் இருந்து நீ நேராக ரயிலுக்கு ஓடிவிட்டாய். அதன் பிறகு நடந்ததைத்தான் எழுதுகிறேன்.

கம்பெனி பஸ்ஸில் முப்பத்திரண்டு பேர் வந்திருந்தோம் அல்லவா? கூட்டத்தில் ஒருவர், "உங்க வாழ்க்கையை விட்டுட்டு ஏன் நிலாவைப் பற்றி எழுதுனீங்க?" என்று என்னைக் கேட்டபோது செல்லத்தாய் அக்கா எழுந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். "ஏன், நிலா உங்க தெருவுல மட்டுமா தெரியுது?" பஸ்ஸில் திரும்பும்போது அதையே பாட்டாகக் கட்டிப் பாடிக்கொண்டு வந்தார்கள். எனக்கு அம்புட்டுச் சந்தோசம்.

முதல் பிரதியை அண்ணனுக்குக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போனார். தீபாவளி முடிந்து கம்பெனி லீவு விட்ட நேரம். மறுநாள் பகல் முழுக்க வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. சாயங்காலம் என் வீட்டுக்கு வந்தார். புத்தகத்தை இடது கையில் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

"பாப்பா, நானும் தகட்டத் தொட்டுட்டுத்தான் போனேன்."

பன்னிரண்டு வருசம் கழித்து, பர்வீன். நான் கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டேன்.

"குழி காஞ்சு கெடந்துச்சு. அந்த வருசம் மழையே இல்ல. தண்ணி ஊத்தச் சொல்லி ரெண்டு நாளாக் கேட்டேன், லோடு அவசரம்னாக. யாரும் எங்கிட்ட கேக்கல பாப்பா. அறிக்கையில எழுதிட்டாக, நானும் காஞ்சது தெரிஞ்சே உள்ள போனது நம்ம தப்போன்னு இருந்துட்டேன்."

"எனக்குத் தெரியும்ண்ணே" என்றேன். எனக்குத் தெரியாது. சங்கிலிமுத்து அண்ணாச்சி முகத்தைப் பார்த்தபோது சந்தேகப்பட்டேன், அவ்வளவுதான். ஆனால் அந்த நேரத்தில் வேறு என்ன சொல்ல?

இரண்டு பேரும் அழுது முடித்த பிறகு பீரோவைத் திறந்து அந்த அறிக்கையை எடுத்தார். கிழிக்கப்போகிறார் என்று நினைத்தேன். கிழிக்கவில்லை. மடித்து நாவலின் கடைசி அத்தியாயத்தில் வைத்து, புத்தகத்தை மூடினார்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. காலையில் பால் வாங்கப் போனபோது டீக்கடையில் கூட்டம். நடுவில் பெஞ்சில் அண்ணன். மிச்சம் இருக்கிற இரண்டு விரலால் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கடைசி அத்தியாயத்தை வாசித்துக்கொண்டிருந்தார். டீ ஆறிக்கொண்டிருந்தது. ரோஜா குழிக்குள் கையை விடுகிற இடம் வந்ததும் நிறுத்திவிட்டு, மடித்து வைத்திருந்த அறிக்கையை எடுத்து விரித்தார். அந்த ஒற்றை வரியையும் சத்தமாக வாசித்தார். அப்புறம் என்னைப் பார்த்துவிட்டு, "என் தங்கச்சி எழுதுனது" என்றார்.

இரண்டாவது நாவல் நாளைக்கு ஆரம்பிக்கிறேன். அண்ணனுக்கு முதலில் வாசித்துக் காட்டுவேன், கோபித்துக்கொள்ளாதே. உனக்கு இரண்டாவது.

உன்
வேல்விழி