விளக்கை அணைத்தால்தான் ஒலி சுத்தம்

மார்ச் 3, செவ்வாய்

டிஸ்க் பிளேயர் இன்று காலை செத்தது. பதினெட்டு வருஷம் உழைத்தது. லென்ஸ் இரண்டு முறை மாற்றியிருக்கிறேன். மூன்றாவது லென்ஸ் இப்போது யாரிடமும் இல்லையாம். தட்டு வெளியே வருகிறது, உள்ளே போகிறது, டிஸ்க் இல்லை என்று எழுதிக் காட்டுகிறது. இவ்வளவு பெரிய டிஸ்க் உட்கார்ந்திருக்கிறதே, கண் அவிந்துபோச்சா என்று அதைத் திட்டினேன்.

இவர் புத்தகத்திலிருந்து தலையை எடுக்காமல், "புதுசு வாங்கிடலாம்" என்றார். கால் கிலோ தக்காளி வாங்குகிற மாதிரி.

மகள் போனில்: "இன்னும் யாரும்மா டிஸ்க் போட்டுக் கேக்கறாங்க? போன்லயே எல்லாம் வருதே."

வரும். குப்பை வண்டியும்தான் தினம் வருது. வைத்துவிட்டேன்.

மார்ச் 4, புதன்

முடிவு செய்துவிட்டேன். இனி இந்த வீட்டில் வாங்கப்போகும் கடைசி பிளேயர் இதுதான். ஆகவே நல்லதாக, கனமானதாக, என் பணத்தில், என் காதுக்குப் பிடித்ததாக. யாரும் வாயைத் திறக்கக் கூடாது.

மார்ச் 7, சனி

கடையிலிருந்து வந்து இரண்டு மணி நேரம் ஆகியும் ஆத்திரம் அடங்கவில்லை.

கடைக்காரர் பக்கத்தில் வந்தாலே சென்ட் வாசனை மூக்கை அடைக்கிறது. நேரே இவரிடம் போய், "சார், உங்களுக்கு எந்த மாதிரி சவுண்ட் பிடிக்கும்?" என்றார். நான் பக்கத்தில் நிற்கிறேன். மரம் மாதிரி.

"இதோட அவுட்புட் எத்தனை வோல்ட்?" என்று கேட்டேன்.

"அம்மா, நீங்க உக்காருங்க. ஜூஸ் சொல்றேன்" என்றார். ஜூஸ்!

இருபத்தாறு வருஷம் தொழிற்சாலையில் டிரான்ஸ்ஃபார்மர் சுற்றியவள் நான். கம்பியை விரலில் உருட்டினாலே தடிமன் சொல்வேன். மற்றதெல்லாம் தொழிற்சாலைக் குப்பையில் கிடந்த கையேடுகளைப் படித்துக் கற்றது. எங்கள் வீட்டு ஆம்ப்ளிஃபையர் முழுக்க நான் செய்தது. ஸ்பீக்கர் பெட்டிக்குப் பலகை அறுத்ததும் நான். ஆனால் வருகிறவர்கள் இவரைத்தான் பாராட்டுவார்கள். இவரோடு கணக்கு வாத்தியாராக இருந்தவர்கள் இவருக்கு வைத்த பெயரே பாம்புக்காது. இவரும் சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொள்வார். உலை வைத்தவள் ஒருத்தி, பேர் வாங்குபவர் ஒருத்தர்.

இரண்டு பிளேயர். ஒன்று கறுப்பு, பதினான்கு கிலோ. ஒன்று வெள்ளி நிறம். வெள்ளிநிறத்தைப் போட்டதும் இவர், "இதுதான் தெளிவா இருக்கு."

"சார் காதே காது!" என்றார் சென்ட்.

கைப்பையிலிருந்து மல்டிமீட்டரை எடுத்தேன். கறுப்பு இரண்டு வோல்ட், அது இரண்டே கால். சத்தம் கூடினால் நல்லா இருக்கிற மாதிரித் தோன்றும். சந்தையில் இது பழைய வித்தை. போதாததற்கு டிஸ்ப்ளேவை எரியவிட்டே பாட்டுப் போடுகிறார். அந்த விளக்கு உள்ளே எவ்வளவு இரைச்சல் கிளப்பும் என்பது தெரியாத ஆள் கடை வைத்திருக்கிறார். விளக்கை அணைத்தால்தான் ஒலி சுத்தம். அணைக்காதவன் முட்டாள். இதை அவர் முகத்துக்கு நேராகவே சொன்னேன். இவர் என் முழங்கையை இடித்தார்.

இரண்டையும் வீட்டில் வைத்துக் கேட்டுப் பார்க்கக் கொடுத்திருக்கிறார். என்னிடமிருந்து தப்பித்தால் போதும் என்று கொடுத்திருப்பார்.

மார்ச் 9, திங்கள்

இரண்டின் சத்தத்தையும் மீட்டர் வைத்துச் சமன் செய்துவிட்டேன். கறுப்பில், தந்தியை மீட்டிய பிறகு ஒலி தேய்ந்து தேய்ந்து எங்கே முடிகிறது என்பது வரை கேட்கிறது. பாடுகிறவர் மூச்சு வாங்குவது கேட்கிறது. மற்றதில் எல்லாம் பளிச்சென்று இருக்கிறது, பல்லில் மணல் கடிபட்ட மாதிரி.

இவர் பிடிவாதமாக வெள்ளிநிறம்தான் என்கிறார். "கறுப்பு மந்தமா இருக்கு. உன் ஆம்ப்ளிஃபையரே ரெண்டு வருஷமா மந்தமாத்தான் இருக்கு."

இரண்டு வருஷமாக இதே பாட்டு. இதற்காக எத்தனை முறை பெட்டியைத் திறந்தேன்? கெப்பாசிட்டர் எல்லாம் மாற்றினேன். பற்றவைத்த இடங்களையெல்லாம் உருக்கி மறுபடி பற்றவைத்தேன். மேல்சுருதிக்கென்று இருக்கிற சின்ன ஸ்பீக்கர், ட்வீட்டர், இரண்டு ஜோடி வாங்கினேன். ஒரு தவறும் கிடைக்கவில்லை. கண் மங்கிவிட்டதோ, கை தளர்ந்துவிட்டதோ என்று யாரிடமும் சொல்லாமல் பயந்தேன்.

வாசல் மணி அடிக்கிறது. வழக்கம்போல நான்தான் எழுந்து ஓட வேண்டும். துரை அசையமாட்டார்.

மார்ச் 10, செவ்வாய்

சோதனை டிஸ்க் போட்டேன். ஒவ்வொரு டிராக்கிலும் ஒரே ஒரு ஒலி, ஆயிரம் ஹெர்ட்ஸில் தொடங்கிப் போகப் போகச் சுருதி ஏறும். கேட்டால் விரலைத் தூக்குங்கள் என்றேன். குறித்துக்கொள்ள டிராக் எண் வேண்டுமே, அதனால் இன்றைக்கு மட்டும் டிஸ்ப்ளேவை எரியவிட்டேன்.

எனக்குப் பத்தாயிரத்தோடு சரி. பன்னிரண்டாயிரத்தில் ஒன்றுமில்லை. இவர் விரலைத் தூக்கினார். பதினான்காயிரத்திலும் தூக்கினார்!

"உனக்குக் கேக்கலையா?" என்று கேட்டார். ரொம்ப மெதுவாக, நோயாளியைக் கேட்கிற மாதிரி.

அறுபத்தொன்பது வயதில் என் காது போய்விட்டது, எழுபத்து மூன்றில் இவர் காது இளங்கன்றுக் காது. அப்படியென்றால் கறுப்பில் நான் கேட்டதெல்லாம் என்ன? கற்பனையா?

மார்ச் 11, புதன்

இரண்டு பெட்டியையும் போர்வை போட்டு மூடிவிட்டேன்.

மார்ச் 12, வியாழன்

வெள்ளிநிறத்தையே வைத்துக்கொள்கிறோம் என்று கடைக்குச் சொல்லப் போனைக் கையில் எடுத்தேன். நம்பரைப் போடவில்லை. ஏன் போட வேண்டும்? தோற்றதாக எழுதிக் கொடுக்கிறவள் நான் இல்லை. இன்னொரு முறை சோதிப்பேன். இந்தத் தடவை முறைப்படி.

மார்ச் 14, சனி

முறைப்படி என்றால் விளக்கை அணைத்துவிட்டு. டிராக் வரிசை எனக்கு மனப்பாடம், எண் எதற்கு?

ரிமோட்டில் டிஸ்ப்ளேவை அணைத்தேன். பெட்டி முகம் இருண்டது. இவர் சோபாவில் நேராக உட்கார்ந்து விரலைத் தயாராக வைத்திருந்தார். ஆயிரத்துக்குத் தூக்கினார். இரண்டாயிரத்துக்குக் கொஞ்சம் தாமதமாக.

நான்காயிரம் போட்டேன். காதில் ஊசி ஏற்றுகிற சத்தம் அது. எனக்குப் பல் கூசியது. இவர் இருண்ட பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்தார், பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி,

"ஏன், இன்னும் ஆரம்பிக்கலையா?" என்றார். புன்னகையோடு.

அறை முழுக்க அந்தச் சத்தம் கத்திக்கொண்டிருந்தது.

நான் நிறுத்தவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார். விரலை மடக்கிக்கொண்டார்.

அன்றைக்கு டிஸ்ப்ளேயில் எண் மாறுவதைப் பார்த்துப் பார்த்துத்தான் விரலைத் தூக்கியிருக்கிறார்.

மார்ச் 15, ஞாயிறு

கத்தினேன். கத்தினால்தானே கேட்கும்!

இரண்டு வருஷம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறார். ஆம்ப்ளிஃபையர் மந்தமாம்! நான் கண்ணாடி மாற்றினேனே, பற்றவைக்கிற கோலால் விரலைச் சுட்டுக்கொண்டேனே, அப்போதெல்லாம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதானே இருந்தீங்க? "என் காதுதான்டி போச்சு, உன் கை நல்லாத்தான் இருக்கு"ன்னு ஒரு வார்த்தை சொல்ல என்ன கேடு?

"நீ செஞ்சது. அதை என்னால கேக்க முடியலேன்னு உன்கிட்ட எப்படிச் சொல்றது?" என்றார்.

அதற்கும் சேர்த்து இன்னும் கத்தினேன். பாம்புக்காது பட்டத்தை விட மனசு வரலைன்னு சொல்லுங்க என்றேன். அதுவும் உண்டு என்று ஒப்புக்கொண்டார். இப்படி ஒப்புக்கொள்கிற மனிதரிடம் எவ்வளவு நேரம்தான் சண்டை போடுவது? போட்டேன். சாப்பாடு வரைக்கும் போட்டேன்.

மார்ச் 16, திங்கள்

சென்ட் வந்தார். வந்ததும் இவரிடம், "சார், எது முடிவாச்சு?"

இவர் அவர் வாயையே பார்த்தார். பிறகு, "என்னை ஏன் கேக்கறீங்க? இந்த செட்டைச் செஞ்சது அவங்க. எனக்குக் காது சரியாக் கேக்காது. அவங்களைக் கேளுங்க" என்றார்.

முப்பது வருஷமாக இந்த இரண்டு வார்த்தைக்குக் காத்திருந்தேன் — செஞ்சது அவங்க. காத்திருந்தது கிடைத்தது. கூடவே வந்த மற்றதை யார் கேட்டார்கள்?

"கறுப்பு" என்றேன். ஜூஸ் வேண்டுமா என்று சென்ட்டைக் கேட்டேன். வேண்டாம் என்றார்.

மார்ச் 20, வெள்ளி

காது டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். வழியெல்லாம் மறுப்பு. மெஷின் வைத்தால் பேச்சு கேட்குமாம். பாட்டு பழையபடி இருக்காதாம், பழகவேண்டுமாம். "ரெண்டு வருஷம் முன்னாடியே வந்திருக்கணும் சார்" என்றார் டாக்டர். நான் சொன்னால் மட்டும் தப்பு.

மார்ச் 28, சனி

கோபம் இன்னும் போகவில்லை. போகாது. அதை எழுதி வைக்கிறேன்.

மாலை, கறுப்பில் பழைய டிஸ்க் ஒன்றைப் போட்டேன். காதில் மெஷினோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். எல்லாம் தகர டப்பா மாதிரி கேட்கிறதாம். கேட்டுக்கொண்டே இருங்க, பழகும் என்றேன். ரிமோட் என் கையில்தான் இருந்தது.

சிறிது நேரம் கழித்து, "மூணாவது பாட்டுதானே?" என்றார்.

"ஆமாம்" என்றேன்.

டிஸ்ப்ளே எரிந்துகொண்டிருந்தது.