அண்ணன் ஷூவின் தடம்

12.1.2026
முழங்காலில் இன்றும் வலி. போலீஸ் உடல்தகுதித் தேர்வுக்கு ஒரு மாதம்கூட இல்லை. அண்ணன் மோகன்குமாரின் ஷூ எனக்குப் பெரிது, முன்னால் துணி திணித்து ஓடுகிறேன். ஐப்பசியில் படகு கவிழ்ந்து போனவன். உடல்கூடக் கிடைக்கவில்லை.

தார் ரோடு தாங்காமல் இன்று கடற்கரை மணலில் ஓடினேன்.

13.1.2026
தப்பு செய்துவிட்டேன். எங்கள் லைட்ஹவுஸ் குப்பத்தில் எல்லோரும் வெறுங்கால்தான், தடத்தைப் பார்த்தே இன்னார் போனார் என்று சொல்லிவிடுவார்கள். கரையில் ஷூவோடு நடந்தவன் அண்ணன் ஒருத்தன்தான்.

இன்றும் மணலில்தான் ஓடினேன். விடிந்ததும் அம்மா மூச்சிரைக்க வந்தாள். "மோகன் வந்துட்டு போயிருக்கான்டி. வெளிப்பக்கம் தேஞ்ச அதே குதிகால்."

"ஷூ இங்கதானம்மா கீது?"

"வந்து மாட்டிக்கினு போயிருக்கான்."

நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை.

16.1.2026
அம்மா தினமும் அவனுக்குச் சோறு மூடி வைக்கிறாள். இன்று திரும்பி வரும்போது என் தடத்தை நானே பார்த்தேன். அவன்தான். ஓடியது நானா, அவனா? பயமா இருக்கு.

19.1.2026
பொன்னேரி ஷூ கடை. கடைக்காரர் பிரவீன் ஈரக் காலை அட்டைமேல் வைக்கச் சொன்னார். பாதம் முழுக்கப் பதிந்தது, நடுவில் வளைவே இல்லை. நடக்கவிட்டும் பார்த்தார்.

"உங்களுக்குத் தட்டைப் பாதம், உள்பக்கம் சாயுது. இந்த ஷூ வெளிப்பக்கம் சாஞ்சி ஓடறவரோடது. அவருக்கு வளைவு ஜாஸ்தி. இதுல ஓடினா முட்டி போயிடும்."

ஓடறவரோடது என்கிறார், அண்ணன் இன்னும் ஓடிக்கொண்டிருப்பதுபோல. கடையிலேயே அழுதுவிட்டேன். உள்பக்கம் தாங்கல் உள்ள ஷூவாகத் தேடி எடுத்துக் கொடுத்தார்.

21.1.2026
புது ஷூ. வலி குறைந்திருக்கிறது.

23.1.2026
"அவன் வரலடி," என்றாள் அம்மா.

"அது நான்தாம்மா. அவன் ஷூ போட்டு ஓடினேன்."

"தெரியும். நீ எப்டி கால் ஊணுவேன்னு எனக்குத் தெரியாதா? இன்னும் ரெண்டு நாளு அதுலயே ஓடேன்."

"முட்டி போயிடும்மா. செலக்ஷன்?"

அதற்குமேல் அவள் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

7.2.2026
நாளை தேர்வு. விடியலில் கரைப் பக்கம் போனேன். அம்மா ஈர மணலில் மண்டியிட்டிருந்தாள். அண்ணன் ஷூவை இரண்டு கையிலும் மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு அடியாக அழுத்திக்கொண்டே வந்தாள், தண்ணீரிலிருந்து எங்கள் வீட்டைப் பார்த்து. அலை அழித்ததும் பின்னால் போய் மறுபடி அழுத்தினாள்.

கூப்பிடவில்லை. தார் ரோட்டுக்குப் போய் ஓடினேன். முழங்கால் வலிக்கவே இல்லை.