கூரைக்குள் அடித்த நுரை

அன்பு மகள் மெலெரிக்கு அப்பா எழுதுவது. இங்கே நான் நலம், நீ எதிர்பார்த்ததைவிட நன்றாகவே இருக்கிறேன். அங்கே ஆஸ்திரேலியாவில், பெர்த் வெயிலில் நீயும் மாப்பிள்ளையும் வாடாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன்.

போன மாதம் நீ அனுப்பிய வீட்டுத் தரகர் அம்மாள் வந்துபோனாள், அதை என்னிடம் சொல்லத்தான் உனக்கு மறந்துவிட்டது போலிருக்கிறது. வீடு உன் அம்மா வழிச் சொத்து, உன் பெயருக்கு எழுதிவைத்துவிட்டுப் போனாள், விற்க உனக்கு உரிமை உண்டு, நான் மறுக்கவில்லை. வேல்ஸ் குளிரில் அப்பா தனியாகக் கிடக்கக் கூடாது, முதியோர் இல்லத்தில் கதகதப்பாக இருக்கட்டும் என்று நீ உருகினாயாம். உருகும் அளவுக்கு அங்கே வெயில் அடிக்கிறது, பாவம். நானும் டீ போட்டுக்கொடுத்து, திராட்சை ரொட்டியில் வெண்ணெய் தடவி வைத்து, இந்த மாதிரிப் பழைய வீடு விலைபோகாமல் போக என்ன காரணம் இருக்கும் என்று சும்மா கேட்டுவைத்தேன். அவள் மென்றுகொண்டே, "எது வேணா பண்ணுங்க, கூரைக்கு அடியில மட்டும் அந்த ஸ்ப்ரே நுரைய அடிச்சிடாதீங்க. உள்ள மரம் எப்படி இருக்குன்னே பார்க்க முடியாது, வாங்குறவனுக்கு எந்த பேங்க்கும் கடன் தராது" என்றாள். நல்ல பெண், போகும்போது இன்னொரு துண்டு ரொட்டி கொடுத்தனுப்பினேன்.

மறுவாரமே இரண்டு சிலிண்டர், நுரை அடிக்கும் துப்பாக்கி ஒன்று, வெள்ளை உடுப்பு, முகமூடி எல்லாம் வரவழைத்துவிட்டேன். சிலிண்டர் சில்லென்று இருந்தால் நுரை சரியாகக் கலக்காதாம், அதனால் இரண்டையும் குளியல் தொட்டியில் வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்தேன், உன்னைக்கூட நான் அப்படிக் குளிப்பாட்டியதில்லை. எழுபத்துநான்கு வயதில் ஏணியேறி, உத்தரங்களின் மேல் தவழ்ந்து, கூரையின் ஸ்லேட்டுக் கற்களுக்கு அடியில் ஒரு கை அகலம் விடாமல் அடித்தேன். அடித்த மாத்திரத்தில் மாவு மாதிரிப் பொங்கி, அழுகிய மீன் வாடையோடு இறுகிவிடுகிறது. பக்கத்து வீட்டு டெல்வின் ஏணியடியில் நின்றுகொண்டு, "நாப்பது வருஷம் கூரை போட்ட கையாய்யா இது? மூச்சு விடாத கூரையில மரம் உளுத்துப்போகும்னு நீதானே ஊருக்கெல்லாம் சொன்ன" என்று கேட்டான். உளுக்கட்டும், பதினைந்து வருடமாவது பிடிக்கும், எனக்கு அதில் பாதி போதும், மிச்சம் உன் பங்கு. வாடை அடங்கும்வரை அவன் வீட்டிலேயே இருந்துவிட்டுத் திரும்பினேன்.

திரும்பி வந்த மறுநாள் காலை இத்தனை வருடக் குளிர்காலத்தில் முதல் முறையாக உன் அம்மாவின் அறை ஜன்னலில் உள்பக்கம் பனி படியவில்லை. முப்பது வருடம் கேட்டாள் நெஸ்டா, கூரைக்கு ஏதாவது செய்யுங்கள் என்று. பழைய கூரை மூச்சு விட வேண்டும் என்று நான் அவள் வாயை அடைத்துவிடுவேன், கூரைக்காரன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவளும் மூன்று கம்பளிக்குள் சுருண்டு இருமிக்கொண்டு கிடந்தாள். அவளை அடக்கம் செய்த அன்று சேப்பலில் எல்லோர் முன்னாலும் நீ, "அம்மாவக் கொன்னது நோய் இல்லப்பா, உங்க கூரைதான்" என்றாய். அதற்காக நான்கு வருடம் உன் போனை நான் எடுக்கவில்லை. நீ சொன்னது சரி, அன்றைக்கே எனக்குத் தெரியும். நுரைக்குப் பதில் கூரைக்கடியில் ஆட்டு ரோமம் அடைத்தும் செய்திருக்கலாம், மரம் உளுக்காத வழி நூறு இருக்கிறது, எல்லாம் எனக்குத் தெரிந்த வேலைதான். அவளுக்காக முப்பது வருடம் மனம் வராதவன், உன்மேல் இருந்த கோபத்தில் இரண்டே நாளில் முடித்துவிட்டேன். வெறும் சட்டையோடு உட்கார்ந்து இதை எழுதுகிறேன், கதகதப்பாக இருக்கிறது, வெட்கமாகவும் இருக்கிறது.

தரகர் அம்மாளிடம் விஷயத்தைச் சொல்லிவிடு, இன்னொரு முறை வந்து ஏமாற வேண்டாம். நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும், இதை மனதாரத்தான் சொல்கிறேன். அம்மாவின் மூன்று கம்பளிகளையும் துவைத்து உனக்குப் பார்சல் போட்டிருக்கிறேன், மறக்காமல் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள். அங்கே நாற்பது டிகிரி என்று எனக்குத் தெரியும். இங்கே இனி அவற்றுக்கு வேலையில்லை.

உன் அப்பா
இஃபோர்